வலது பக்கம் மட்டும் கேட்கும் பாட்டு

கொழுந்தன்: ...ஹெட்ஃபோன்ல ஒண்ணும் இல்ல அண்ணி. இப்பத்தான் இதுல ஒரு கடை விளம்பரம் கேட்டேன். ரெண்டு காதையும் கிழிச்சான்.

அண்ணி: அப்ப பாட்டுலதான் கோளாறா?

கொழுந்தன்: பாட்டுலதான். மியூசிக் ரெண்டு பக்கமும் வருது. உங்க குரல் மட்டும் வலது பக்கமே சட்டமா உட்காந்துக்கிட்டு, இடது பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குது.

அண்ணி: நல்லாக் கேட்டியா தம்பி?

கொழுந்தன்: இதைக் கேக்கறதுதானே எனக்குப் பொழப்பு? இருங்க, ஸ்பீக்கர்லயே போடறேன். ...இதோ, வலது ஸ்பீக்கர்ல பாடறீங்களா? இப்ப அதை அணைச்சுடறேன். ...கேளுங்க. வயலின் இருக்கு, தபலா இருக்கு, அண்ணியைக் காணோம்.

அண்ணி: ம்.

கொழுந்தன்: இதுக்குப் போயா முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க? இது எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு மைக்கை வெச்சுப் பாடுவாங்க, அது ஒரு பக்கமாப் பதிஞ்சுடும். இந்தப் பக்கம் இருக்கறதை எடுத்து அந்தப் பக்கமும் ஒட்டினாப் போதும். நீங்க தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள...

அண்ணி: ஒட்டாதே.

கொழுந்தன்: என்னது?

அண்ணி: ஒட்டாதேன்னேன். கையை எடு முதல்ல.

கொழுந்தன்: எடுத்துட்டேன். சரி பண்ணத்தானே வந்தீங்க?

அண்ணி: பண்ணலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. இடது பக்கம் என் குரல் கொஞ்சம்கூட இல்லையா? லேசா... கசிஞ்சுகூட வந்திருக்காதா?

கொழுந்தன்: மருந்துக்குக்கூட இல்ல.

அண்ணி: சத்தத்தை நல்லா ஏத்திப் பாரு.

கொழுந்தன்: ஏத்திட்டேன். இதுக்கு மேல ஏத்தினா கீழ் வீட்டுக்காரர் கம்போட வந்துடுவாரு.

அண்ணி: ஒரு எழுத்துகூட?

கொழுந்தன்: ஒரு மூச்சுகூட இல்ல அண்ணி. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. ...ஏன், கசிஞ்சிருந்தா நல்லதா?

அண்ணி: கசிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கொழுந்தன்: உலகத்துல எல்லாரும் சுத்தமா வரணும்னு என் உயிரை வாங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் கசியணும்னு ஆசைப்படறீங்க. என்ன அண்ணி இது புதுசா?

அண்ணி: ஃபேனைப் போடு. வேர்க்குது.

கொழுந்தன்: போடறேன். ஆனா பேச்சை மாத்தாதீங்க. உங்க போனைக் குடுங்க, நான் போட்டுக் குடுத்த ஆப்புலதானே பாடினீங்க? பதிஞ்சது எப்படி இருக்குன்னு பாத்துடறேன்.

அண்ணி: அதெல்லாம் எதுக்கு?

கொழுந்தன்: கோளாறு எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா? குடுங்க. ...ம். குரல் தனியா இருக்கு, மியூசிக் தனியா இருக்கு... அண்ணி.

அண்ணி: என்ன?

கொழுந்தன்: இந்தக் குமிழை யாரு திருப்பினது?

அண்ணி: எந்தக் குமிழு?

கொழுந்தன்: குரலை எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்ற குமிழு. நான் நட்டநடுவுல வெச்சுக் குடுத்தேன். இப்ப வலது பக்கம் ஒரேயடியா மோதி நிக்குது. கை பட்டா கொஞ்சம் நகரும். இது நகர்ந்த மாதிரி இல்ல, பிடிச்சுத் திருகின மாதிரி இருக்கு.

அண்ணி: குழந்தைங்க யாராவது...

கொழுந்தன்: உங்க வீட்டுல ஏது குழந்தை? மேல் வீட்டுப் பூனை வந்து திருகிச்சுன்னு சொல்லுங்க, அதையாவது நம்பறேன்.

அண்ணி: ...நான்தான் திருப்பினேன்.

கொழுந்தன்: நீங்களா? எதுக்கு?

அண்ணி: உங்க அண்ணனுக்காக.

கொழுந்தன்: அண்ணனுக்கா?

அண்ணி: ஏன், மூஞ்சி மாறுது?

கொழுந்தன்: ஒண்ணும் இல்ல. சரி, நான் ஒட்டிக் குடுத்துடறேன். அந்தக் கடை விளம்பரம் வேற இன்னும் முடியலை, ஆள் வந்துடுவான்...

அண்ணி: கடைக்காரன் இருக்கட்டும். உக்காரு.

கொழுந்தன்: உக்காந்துதான் இருக்கேன்.

அண்ணி: எழுந்துக்கப் பாத்தே.

கொழுந்தன்: அண்ணி, இப்ப இன்னொரு தடவை பாத்தா... இடது பக்கம் லேசாக் கசியற மாதிரிதான் தோணுது. பழைய ஸ்பீக்கர் பாருங்க, சரியாக் கேக்கலை எனக்கு.

அண்ணி: இப்பத்தானே மருந்துக்குக்கூட இல்லன்னே? ஒரு மூச்சுகூட இல்லன்னே?

கொழுந்தன்: அது... அப்ப.

அண்ணி: உனக்குப் பொய் சொல்ல வராது தம்பி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு வந்து நின்ன அன்னிக்கும் இப்படித்தான் மூக்கைச் சொறிஞ்சே.

கொழுந்தன்: ...மூக்கு நிஜமாவே அரிக்குது.

அண்ணி: சரி, கேளு. உன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லப் போறேன்? உங்க அண்ணனுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சு.

கொழுந்தன்: என்ன பேச்சு அண்ணி இது?

அண்ணி: குறுக்கே பேசாதே, அப்புறம் எனக்குச் சொல்ல வராது. பகல்ல எல்லாம் சரியாத்தான் இருக்காரு. சிரிக்கிறாரு, பேசறாரு. ராத்திரி விளக்கை அணைச்சதும்... நான் பேசுவேன் பாரு, அன்னிக்கு நடந்தது எல்லாத்தையும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு அது பழக்கம். அவரு “ம்... ம்...”னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. “ம்” நின்னா தூங்கிட்டாருன்னு அர்த்தம்.

கொழுந்தன்: தெரியும். அண்ணன் சொல்லியிருக்கான், உங்க பேச்சுதான் அவனுக்குத் தாலாட்டுன்னு.

அண்ணி: அந்த “ம்” இப்ப இல்ல. போன மழைக் காலத்துலேர்ந்து இல்ல.

கொழுந்தன்: வேலை அலுப்பா இருக்கும். நாள் பூரா மோட்டாரைப் பிரிச்சு மாட்டறான்...

அண்ணி: அலுப்புன்னா தூங்கணும். தூங்கலை அவரு. என் பக்கம் திரும்பித்தான் படுத்திருக்காரு. கண்ணு முழிச்சிருக்கறது ஜன்னல் வெளிச்சத்துல தெரியும். முகத்துக்கு நேரா நான் பேசறேன், ஒரு வார்த்தை கிடையாது. என்னத்தைச் சொல்ல, செவிடன் காதுல ஊதின சங்கு.

கொழுந்தன்: க்ஹும்...

அண்ணி: என்ன?

கொழுந்தன்: தண்ணி... புரையேறிடுச்சு.

அண்ணி: தலையைத் தட்டிக்கோ. அந்த இசைக்குழுக்காரங்க இருக்காங்கல்ல, கல்யாணத்துக்கு முன்னாடி நான் பாடினேனே...

கொழுந்தன்: தெரியுமே. அண்ணன் முதல் வரிசையில போய் உட்காந்து உங்களைப் பாத்ததே அங்கதானே. கேட்டா மோட்டார் ரிப்பேர் பண்ணப் போனேன்பான்.

அண்ணி: அவங்க திரும்பக் கூப்பிட்டாங்க. எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? போகட்டுமான்னு உங்க அண்ணனைக் கேட்டேன். ஒரு தடவை இல்ல, மூணு ராத்திரி கேட்டேன். போன்னு சொல்லலை, போகாதேன்னும் சொல்லலை. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு அப்படியே கிடந்தாரு. அழுதுட்டேன் தம்பி. அதுக்கும் ஒண்ணும் சொல்லலை.

கொழுந்தன்: ஐயோ... பகல்ல கேட்டிருக்கலாமே அண்ணி.

அண்ணி: ராத்திரி பதில் சொல்லாத மனுஷனைப் பகல்ல வேற கேட்டு அசிங்கப்படணுமா? எனக்கும் ரோஷம் இருக்கு. பாட்டு ஒண்ணு பாடி அனுப்புங்க, இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லுங்கன்னு சொல்லியிருக்காங்க. வரலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.

கொழுந்தன்: சொல்லிடாதீங்க.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: ...சும்மா. அவசரப்பட வேணாமேன்னு சொன்னேன். சரி, இதுக்கும் அந்தக் குமிழுக்கும் என்ன சம்பந்தம்?

அண்ணி: வரேன். நடுவுல எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. நீ சிரிக்கக் கூடாது.

கொழுந்தன்: சிரிக்கற நிலைமையில நான் இல்ல.

அண்ணி: உங்க அண்ணன் மோட்டார்ல பேரிங் போயிருக்கா இல்லையான்னு எப்படிப் பாப்பாரு?

கொழுந்தன்: ஸ்க்ரூ டிரைவர் முனையை மோட்டார் மேல வெச்சு, பிடியைக் காதுல வெச்சுக்கிட்டுக் கேப்பான். சத்தத்தை வெச்சே சொல்லிடுவான்.

அண்ணி: எந்தக் காதுல?

கொழுந்தன்: ...கவனிச்சதில்ல.

அண்ணி: மூக்கைச் சொறியாதே. வலது காதுல. இத்தனை வருஷமா வலது காதுலதான். போன மாசம் பட்டறைக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போனேன். இடது காதுல வெச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. வலது கையில பிடிச்சுக்கிட்டு, உடம்பை வளைச்சு, கோணல்மாணலா நின்னு. போனும் இப்ப இடது காதுலதான் பேசறாரு.

கொழுந்தன்: ஓ.

அண்ணி: ஓவா? எனக்கு அன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சொன்னா தப்பா நினைப்பே. சந்தோஷமா இருந்துச்சு. இந்த மனுஷனுக்கு வலது காதுதான் போயிருக்கு, மனசு போகலைன்னு. கட்டின புருஷனுக்குக் காது கேக்காமப் போகணும்னு சாமியைக் கும்பிட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

கொழுந்தன்: அவனையே நேரா கேட்டிருக்கலாமே?

அண்ணி: கேட்டேனே. உங்களுக்குக் காது சரியாக் கேக்குதான்னு. “நீ எங்க ஊசி போட்டாலும் கேக்கும்”னு சிரிச்சாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரோன்னு தோணிச்சு. அதான் நானே சோதிச்சுப் பாத்துடலாம்னு...

கொழுந்தன்: குரலை வலது பக்கம் திருப்பி வெச்சீங்க. அண்ணி, நீங்க பாட்டுக்காரி இல்ல, போலீஸ்காரி.

அண்ணி: உங்களுக்காக ஒரு பாட்டுப் பாடியிருக்கேன், கேளுங்கன்னு நாற்காலியில உட்கார வெச்சேன். இயர்போனை நானே மாட்டி விட்டேன், இடது எது வலது எதுன்னு எழுத்துப் பாத்து. காது போயிருந்தா வெறும் மியூசிக்தான் கேக்கும். “என்ன, நீ பாடவே இல்லையே”ன்னு கேப்பாரு. இல்ல, கேட்ட மாதிரி நடிச்சு “நல்லா இருக்கு”ன்னு மொட்டையாச் சொல்வாரு. ரெண்டுல எது வந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும்.

கொழுந்தன்: எது வந்துச்சு?

அண்ணி: ரெண்டும் வரலை. “ரெண்டாவது சரணத்தைத் தப்பா எடுத்துட்டு நடுவுல சிரிச்சே பாரு, அந்த இடம்தான் பாட்டு”ன்னாரு.

கொழுந்தன்: ...சிரிச்சீங்களா?

அண்ணி: சிரிச்சேன். தப்பா எடுத்துட்டேன், சிரிப்பு வந்துடுச்சு. அதை வெட்டாம அப்படியே விட்டிருந்தேன்.

கொழுந்தன்: இருங்க... போடறேன். ...ஆமா. சிரிச்சிருக்கீங்க. வலது பக்கம் மட்டும்.

அண்ணி: வலது பக்கம் மட்டும். அப்படின்னா வலது காது நல்லாக் கேக்குது. நான் ராத்திரி பேசினது எல்லாம் கேட்டிருக்கு. கேட்டுக்கிட்டே பதில் சொல்லாம இருந்திருக்காரு. அதான் உன்கிட்ட ஓடி வந்தேன். இடது பக்கம் கொஞ்சமாவது கசிஞ்சிருக்கும், அதுலதான் கேட்டிருப்பாருன்னு... கடைசியா ஒரு ஆசை. நீ மருந்துக்குக்கூட இல்லன்னுட்டே.

கொழுந்தன்: அழாதீங்க அண்ணி.

அண்ணி: அழலை.

கொழுந்தன்: எனக்கும் புரியலையே... எப்படிக் கேட்டான்?

அண்ணி: எப்படிக் கேட்டான்னா? காது இருக்கு, கேட்டாரு. உனக்கு அதுல என்ன புரியலை?

கொழுந்தன்: இல்ல... சும்மா சொன்னேன்.

அண்ணி: தம்பி. அவருக்கு அது கேட்டிருக்க முடியாதுன்னு நீ ஏன் நினைக்கறே?

கொழுந்தன்: நான் எங்க நினைச்சேன்? அண்ணி, நான் ஒரு இடத்துல வாக்குக் குடுத்திருக்கேன். என்னை நோண்டாதீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மாட்டி விட்டீங்களே, அப்புறம் பாட்டு முடியற வரைக்கும் அவன் எதிர்லயே இருந்தீங்களா?

அண்ணி: இருந்தேன். வெச்ச கண்ணு வாங்காம முகத்தையே பாத்துக்கிட்டு. முதல்ல முகத்துல ஒண்ணும் காணோம். புருவத்தைச் சுருக்கினாரு. சரி, மாட்டிக்கிட்டாருன்னு நினைச்சேன். அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடுச்சு.

கொழுந்தன்: எழுந்து ஓடினீங்க.

அண்ணி: அணைச்சுட்டு உடனே வந்துட்டேன்.

கொழுந்தன்: வந்து பாக்கறப்ப?

அண்ணி: கண்ணை மூடிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. தலையை ஆட்டிக்கிட்டு.

கொழுந்தன்: போறதுக்கு முன்னாடி சுருக்கின புருவம், வந்து பாக்கறப்ப சிரிக்குது. ...என்ன இயர்போன் அது? ஒயர் உள்ளதா?

அண்ணி: உள்ளதுதான். நீ குடுத்ததுதானே?

கொழுந்தன்: அப்ப இங்க கிடக்கற இதே மாதிரிதான். இதுல போன் எடுக்க ஒரு பட்டன் இருக்கு, பாருங்க. எந்த ஒயர்ல இருக்கு?

அண்ணி: இதுல... வலதுன்னு எழுதியிருக்கற ஒயர்ல.

கொழுந்தன்: அடுப்பை அணைச்சுட்டு வந்தீங்களே, அப்ப இந்தப் பட்டன் அவனுக்கு எந்தப் பக்கம் தொங்குச்சு? யோசிச்சுச் சொல்லுங்க.

அண்ணி: அதை யாரு பாத்தா?

கொழுந்தன்: நீங்க பாத்திருப்பீங்க. வெச்ச கண்ணு வாங்காம பாத்தவங்க நீங்க.

அண்ணி: தலையை ஆட்டினாரா... ஆட்டறப்ப அது டொக்கு டொக்குன்னு பேனாவுல இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆமா. சட்டைப் பையில பேனா வெச்சிருந்தாரு.

கொழுந்தன்: சட்டைப் பை எந்தப் பக்கம் அண்ணி இருக்கும்?

அண்ணி: இதென்ன கேள்வி, நெஞ்சுப் பக்கம்... இடது பக்கம்.

கொழுந்தன்: ம்.

அண்ணி: என்ன ம்? சொல்லேன்.

கொழுந்தன்: நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாக்குன்னா வாக்கு. ஆனா ஹெட்ஃபோனைச் சரிபார்க்கலாம், அதுக்கு யாரும் தடை போடலை. இதை மாட்டுங்க. இல்ல, நான் சொல்ற மாதிரி. வலது பக்கத்தைக் காதை விட்டு நல்லாத் தள்ளி வெச்சுடுங்க, அந்தக் காதை விரலால பொத்திக்குங்க. ம். இப்பப் போடறேன். என்ன கேக்குது?

அண்ணி: மியூசிக்.

கொழுந்தன்: நீங்க பாடறது?

அண்ணி: இல்ல.

கொழுந்தன்: கழட்டுங்க. இப்ப அப்படியே திருப்பி மாட்டுங்க, இடதை வலதுல, வலதை இடதுல. அதே காதைப் பொத்திக்குங்க. ரெண்டாவது சரணத்துலேர்ந்து போடறேன்.

அண்ணி: ...

கொழுந்தன்: அண்ணி? என்ன கேக்குது?

அண்ணி: நான் சிரிக்கறேன்.

கொழுந்தன்: ம்.

அண்ணி: திருப்பி மாட்டியிருக்காரு. நான் அந்தப் பக்கம் போனதும்... கேக்காத காதுல இருந்த என்னை எடுத்துக் கேக்கற காதுல வெச்சிருக்காரு.

கொழுந்தன்: நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களாத்தான் கண்டுபிடிச்சீங்க. நாளைக்குப் பஞ்சாயத்து வந்தா இதை நீங்க சொல்லணும்.

அண்ணி: உனக்கு எப்பத் தெரியும்?

கொழுந்தன்: மழைக் காலத்துலதான். காலையில எழுந்தான், வலது காது அடைச்ச மாதிரி இருக்குன்னான். நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். நரம்பு போயிடுச்சாம், திரும்ப வராதாம். இடது காது நல்லா இருக்கு, அதுக்குப் பயம் இல்லன்னாரு. வெளிய வந்ததும் என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினான், அண்ணிக்குத் தெரியக் கூடாதுன்னு.

அண்ணி: ஏன்? நான் என்ன அந்நியமா? காது போனா விட்டுட்டு ஓடிடுவேனா?

கொழுந்தன்: நானும் இப்படித்தான் கேட்டேன். அதுக்கு அவன் சொன்னது...

அண்ணி: சொல்லு.

கொழுந்தன்: “அவளுக்குத் தெரிஞ்சா எனக்குக் கேக்கணுமேன்னு சத்தமாப் பேச ஆரம்பிச்சுடுவா. அவ குரல் மெல்லிசுடா. அவளைக் கத்த வைக்க எனக்கு மனசு இல்ல”ன்னான். ...இந்தாங்க, தண்ணி.

அண்ணி: வேணாம். ...அப்ப ராத்திரி? என் பக்கம்தானே திரும்பிப் படுக்கறாரு? ஒரு காதுதான் நல்லா இருக்கே.

கொழுந்தன்: கட்டில்ல நீங்க எந்தப் பக்கம்?

அண்ணி: சுவத்துப் பக்கம். அவருக்கு இடது கைப் பக்கம்.

கொழுந்தன்: உங்க பக்கம் திரும்பிப் படுத்தா எந்தக் காது தலையணையில இருக்கும்?

அண்ணி: இடது... கடவுளே. நல்ல காது.

கொழுந்தன்: கேக்கற காதைத் தலையணைக்குள்ள புதைச்சுக்கிட்டு, கேக்காத காதை மேல வெச்சுக்கிட்டு, இருட்டுல உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு படுத்திருக்கான். நீங்க வேற மெல்லிசாப் பேசறீங்க. உங்க உதடு அசையறதுகூட தெரிஞ்சிருக்காது.

அண்ணி: மூணு ராத்திரி கேட்டு அழுதேனே தம்பி. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாரே...

கொழுந்தன்: பாக்கத்தான் திரும்பியிருக்கான். அதுதான் தப்பாப் போச்சு. முதுகைக் காட்டித் தொலைச்சிருந்தா சந்தேகமே வந்திருக்காது.

அண்ணி: லூசு மனுஷன்.

கொழுந்தன்: இவ்வளவு நாளா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மென்னு முழுங்கிக்கிட்டு இருந்தேன். ஒரு பாட்டைச் சரி பண்ணக் குடுத்தீங்க, கிணறு வெட்ட பூதம் கிளம்பிடுச்சு.

அண்ணி: அவருகிட்ட நீ ஒண்ணும் சொல்லாதே.

கொழுந்தன்: என்ன சொல்லாதே?

அண்ணி: எனக்குத் தெரியும்னு. நான் கத்திடக் கூடாதுன்னு தானே மறைச்சாரு? மறைச்சதாவே இருக்கட்டும். நான் கத்த மாட்டேன். கட்டில்ல இடத்தை மட்டும் மாத்திக்கறேன். சுவத்துப் பக்கம் ஓதம் அடிக்குது, முதுகு பிடிச்சுக்குதுன்னு எதையாவது சொல்லிக்கறேன்.

கொழுந்தன்: இப்ப உங்க சத்தியமும் நான் சுமக்கணுமா? ஒரு காதுல அவன் வாங்கினது, ஒரு காதுல நீங்க வாங்கறது. நான் எந்தக் காதைத் திருப்பிக்கறது?

அண்ணி: சும்மா இரு. போனைக் குடு. ...ஏங்க, நான்தான். காய் வாங்க வந்தேன், அப்படியே தம்பி ஸ்டுடியோவுக்கு வந்தேன். ...இல்ல, ஒண்ணும் இல்ல, ஜலதோஷம். வந்து கூட்டிக்கிட்டுப் போறீங்களா? ...சரி. மெதுவா வாங்க.

கொழுந்தன்: பக்கத்துத் தெருதானே பட்டறை, இதோ வந்துடுவான். முகத்தைக் கழுவிக்குங்க. நான் பாட்டைச் சரி பண்ணிடறேன்.

அண்ணி: இரு. நான் வந்தப்புறம் பண்ணு. நானும் பாக்கணும்.

கொழுந்தன்: ...கழுவிட்டீங்களா? வாங்க. இதோ, குமிழு. நட்டநடுவுல. அவ்வளவுதான், ஒட்டக்கூட வேணாம். கேளுங்க.

அண்ணி: ரெண்டு பக்கமும் வருது.

கொழுந்தன்: அந்தச் சிரிப்பை வெட்டிடட்டுமா? குழுக்காரங்களுக்கு அனுப்பறதாச்சே.

அண்ணி: கையை உடைச்சுடுவேன்.

கொழுந்தன்: அதான் கேட்டுட்டுச் செய்யறேன். ...வண்டிச் சத்தம். அண்ணன்தான்.

அண்ணன்: என்னடா, கதவைத் திறந்து போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உட்காந்திருக்கீங்க? உனக்கு என்ன, ஜலதோஷம்னா கண்ணும் சிவக்குமா?

அண்ணி: சிவக்கும். வாங்க, உட்காருங்க. அங்க இல்ல, இந்த நாற்காலியில.

அண்ணன்: அதுக்கு என்ன?

அண்ணி: அங்க ஒயரு கிடக்கு. இங்க, என் வலது கைப் பக்கம் வாங்க.

அண்ணன்: உட்காந்துட்டேன். என்ன இன்னிக்கு உபசாரம் பலமா இருக்கு?

அண்ணி: ஏங்க...

அண்ணன்: ம்?

அண்ணி: ...

அண்ணன்: என்னம்மா? “ஏங்க”ன்னுட்டு என் வாயையே பாக்கறே?

அண்ணி: ஒண்ணும் இல்ல. “ம்”னீங்களே, அதான். என்னைப் பழைய குழுவுல திரும்பப் பாடக் கூப்பிடறாங்க. போகட்டுமா?

அண்ணன்: அந்தக் குழுவுலயா? எப்பக் கூப்பிட்டாங்க?

அண்ணி: கொஞ்ச நாள் ஆச்சு.

அண்ணன்: இவ்வளவு பெரிய விஷயம், என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?

கொழுந்தன்: அண்ணா, அது வந்து...

அண்ணி: நீ சும்மா இரு தம்பி. ...மறந்துட்டேங்க.

அண்ணன்: இதைப் போயா மறப்பே? போ. கண்டிப்பாப் போ. நான் முதல் வரிசையில இடம் பிடிச்சு உட்காருவேன், சொல்லி வை.

கொழுந்தன்: மோட்டார் ரிப்பேர் பண்ணவா?

அண்ணன்: வாயை மூடுறா. ...நீ ஏன் இப்ப அழறே?

அண்ணி: அழலை. மெதுவாத்தான் கேட்டேன், உடனே பதில் சொல்லிட்டீங்க. அதான்.

அண்ணன்: கேட்டா சொல்லாம? அது சரி, எந்தப் பாட்டை அனுப்பறே அவங்களுக்கு? எனக்குப் போட்டுக் காட்டினியே, அதையா?

அண்ணி: அதைத்தான்.

அண்ணன்: அப்படியே அனுப்பிடாதே. குரல் ஒரே பக்கமா கிடக்கு பாரு, அதை இவனை விட்டுச் சரி பண்ணச் சொல்லி அனுப்பு. ...என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?

அண்ணி: குரல் ஒரு பக்கம்தான் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

கொழுந்தன்: நான் வாயைத் திறக்கலைண்ணா. சத்தியமாத் திறக்கலை.

அண்ணி: சொல்லுங்க.

அண்ணன்: முதல்ல நீ சொல்லு. எதுக்கு அதைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வெச்சே?

அண்ணி: ...தெரியாமப் போயிடுச்சு.

அண்ணன்: ம். நானும் தெரியாமத்தான் இயர்போனைத் திருப்பி மாட்டினேன். ...இன்னிலேர்ந்து சுவத்துப் பக்கம் நான் படுத்துக்கறேன், நீ என் இடத்துக்கு வா. மழைக் காலத்துலேர்ந்து நான் கேக்காம விட்டது எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லு. மெதுவாவே சொல்லு.